பழைய ரோமில் வழிகாட்டியோடு நடப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரோமுக்கு மூன்று முறை போய் வந்திருக்கிறேன். முதல் முறை கையில் ஒரு வரைபடத்தோடு நானாகச் சுற்றினேன். அடுத்த இரண்டு முறையும் வழிகாட்டியோடு நடந்தேன். அதிலிருந்து, இத்தாலி போகிற சொந்தக்காரர்கள், அலுவலக நண்பர்கள், அவர்கள் நம்பர் கொடுத்து அனுப்பியவர்கள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வாய்ஸ் மெசேஜ் அனுப்புவதைவிட ஒரே இடத்தில் எழுதிவைக்கலாம் என்று உட்கார்ந்தேன். கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறேன்.

வாக்கிங் டூர்னா என்ன? எங்கெங்க கூட்டிட்டுப் போவாங்க?

பழைய ரோம் என்று சொல்லி நடத்தும் சுற்றுகளில் பெரும்பாலும் மூன்று இடங்கள் இருக்கும்: கொலோசியம் என்ற பெரிய விளையாட்டு அரங்கம், பழைய நகரத்தின் பொதுச் சதுக்கமான ரோமன் ஃபோரம், பேரரசர்களின் அரண்மனைகள் இருந்த பாலட்டைன் குன்று. மூன்றும் ஒன்றை ஒன்று ஒட்டியே இருப்பதால் ஒரே டிக்கெட்டில் மூன்றையும் பார்க்கலாம். மெட்ரோ பி லைனில் கொலோசியோ நிலையத்தில் இறங்கி வெளியே வந்தால் கொலோசியம் எதிரிலேயே நிற்கும். சுற்று முடிய இரண்டரை மணி முதல் மூன்றரை மணி நேரம் ஆகும். குழுவில் எல்லோருக்கும் காதில் மாட்டிக்கொள்ள ஒரு சின்ன ரிசீவர் தருவார்கள். வழிகாட்டி பத்தடி தள்ளி நின்று மெதுவாகப் பேசினாலும் கேட்கும்.

பாந்தியான் என்ற பழைய கோயில் இந்தச் சுற்றில் பெரும்பாலும் வராது. அது நகரத்தின் மையத்தில், அரை மணி நடையில் இருக்கிறது. அதற்குத் தனிச் சுற்று உண்டு, நீங்களாகவும் போகலாம்.

கைடு கண்டிப்பா வேணுமா? வீடியோ பார்த்துட்டுப் போனா போதாதா?

கொலோசியத்துக்கு மட்டும் என்றால் வழிகாட்டி இல்லாமல் சமாளித்துவிடலாம். பார்த்தவுடன் அது என்னவென்று யாருக்கும் புரியும். ஃபோரம் அப்படி இல்லை. முதல் பயணத்தில் அங்கே இரண்டு மணி நேரம் சுற்றினேன். உடைந்த தூண்களையும் சிதறிக் கிடந்த கற்களையும் பார்த்துவிட்டு, இதற்காகவா இவ்வளவு தூரம் வந்தோம் என்ற மனதோடு வெளியே வந்தேன்.

இரண்டாம் முறை வந்த வழிகாட்டி, பேரரசர் அன்டோனினஸ், அவர் மனைவி ஃபவுஸ்டினா இருவருக்குமான கோயிலுக்கு எதிரே எங்களை நிறுத்தினார். கி.பி. 141இல் கட்டத் தொடங்கிய கோயில், பிற்காலத்தில் தேவாலயமாக மாறியது. "அந்தக் கதவைப் பாருங்கள்" என்றார். முன்வரிசைத் தூண்களுக்குப் பின்னால் தேவாலயத்தின் பச்சைக் கதவு, நம் தலைக்கு மேலே பல மீட்டர் உயரத்தில், படியே இல்லாமல் தெரிந்தது. அந்தக் கதவை வைத்தபோது தரை அங்கேதான் இருந்திருக்கிறது. டைபர் ஆற்று வெள்ளம் கொண்டுவந்த வண்டல், இடிந்த கட்டடங்கள், குப்பை எல்லாம் நூற்றாண்டுக் கணக்கில் சேர்ந்து ஃபோரத்தை அந்த உயரத்துக்கு மூடிவிட்டன. மேலே புல் முளைத்து மாடு மேய்ந்தது. அதனால் ரோம் மக்கள் இந்த இடத்தையே 'மாட்டு மைதானம்' என்றுதான் அழைத்தார்கள். முறையான அகழாய்வு 19ஆம் நூற்றாண்டில்தான் வேகம் பிடித்தது.

அப்புறம் அதே தூண்களின் மேல்பகுதியில் சாய்வாக ஓடும் வெட்டுகளைக் காட்டினார். கயிறு கட்டித் தூண்களை இழுத்துச் சாய்க்கப் பார்த்த தடம் என்று சொல்வார்கள். முதல் முறை அதே இடத்தில் பத்து நிமிடம் நின்றிருக்கிறேன். கதவும் கண்ணில் படவில்லை, வெட்டும் படவில்லை. வழிகாட்டி எதற்கு என்று யார் கேட்டாலும் இந்தக் கதவைத்தான் சொல்வேன்.

கைடு நிஜமான கைடுதானான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?

இத்தாலியில் சுற்றுலா வழிகாட்டி வேலைக்கு உரிமம் வேண்டும். தேர்வு எழுதித்தான் உரிமம் வாங்க முடியும். உரிம அட்டையைக் கழுத்தில் மாட்டியிருப்பார்கள். இல்லையென்றால் காட்டச் சொல்லிக் கேளுங்கள், தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். கொலோசியம் வாசலில் கழுத்துப் பட்டையோடு நின்று "டூர், டூர்" என்று கூப்பிடுபவர்களில் பலர் ஆள் பிடிக்கிறவர்கள்தான். நடத்தப்போவது வேறொருவர். பணம் கொடுப்பதற்கு முன் யார் நடத்துவார், எத்தனை பேர் குழு, எந்தெந்த இடங்களுக்கு உள்ளே போவோம் என்ற மூன்றையும் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். "கொலோசியம் டூர்" என்று சொல்லிவிட்டு வெளியே நின்று பேசி முடிக்கிறவர்களும் இருக்கிறார்கள்.

டிக்கெட் எவ்வளவு முன்னாடி எடுக்கணும்? என்ன விலை?

தனியாகப் போகிறீர்கள் என்றால், கொலோசியம் தொல்லியல் பூங்காவின் சொந்த இணையதளத்தில் 30 நாள் முன்னதாக டிக்கெட் திறக்கும். நல்ல நேரங்கள் சீக்கிரம் தீர்ந்துவிடும். மூன்று இடங்களுக்கும் சேர்ந்த சாதாரண டிக்கெட் இதை எழுதும்போது 18 யூரோ. அது 24 மணி நேரம் செல்லும். ஆனால் கொலோசியத்துக்குள் டிக்கெட்டில் போட்டிருக்கும் நேரத்தில்தான் நுழைய முடியும். 18 வயதுக்குட்பட்டவர்கள் எந்த நாட்டுக்காரர்களாக இருந்தாலும் இலவசம். இலவசம் என்றாலும் அவர்களுக்கும் டிக்கெட் எடுக்க வேண்டும், வயதைக் காட்டப் பாஸ்போர்ட் வேண்டும்.

வழிகாட்டிச் சுற்றாக எடுத்தால் நுழைவுக் கட்டணம் அதில் சேர்ந்திருக்கும். சேர்ந்திருக்கிறதா என்று எழுத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். மாதத்தின் முதல் ஞாயிறு எல்லோருக்கும் இலவசம்தான். கூட்டத்தை நினைத்தால் அன்றைக்குப் போகாமல் இருப்பதே மேல்.

டிக்கெட்ல பேரு எப்படிப் போடணும்? எனக்கு சர்நேமே இல்லையே?

நம் ஊர்க்காரர்கள் மட்டுமே கேட்கிற கேள்வி இது, முக்கியமான கேள்வியும்கூட. 2023 அக்டோபரிலிருந்து கொலோசியம் டிக்கெட்டில் பார்ப்பவரின் பெயர் இருக்க வேண்டும். வாசலில் பாஸ்போர்ட்டோடு ஒப்பிடுவார்கள். இனிஷியல் போடாதீர்கள். பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் என்ற இடத்தில் அப்பா பெயர் இருந்தால் அதையே முழுதாக எழுதுங்கள். அந்த இடம் காலியாக இருந்தால், உங்கள் பெயரையே இரண்டு கட்டத்திலும் போடலாம். பாஸ்போர்ட்டைக் காட்டினால் புரிந்துகொள்வார்கள்.

என் இரண்டாம் பயணத்தில் ஒரு இடைத்தரகர் மூலம் எடுத்த டிக்கெட்டில் எங்கள் நான்கு பேருக்கும் ஒரே பெயரைப் போட்டு அனுப்பியிருந்தார்கள். வாசலில் நாற்பது நிமிடம் நின்றோம். அந்த நேரம் கொலோசியத்துக்குள் செலவழிக்க வேண்டிய நேரம்.

ஸ்கிப் தி லைன்னு போட்டிருக்காங்களே, வரிசையே இருக்காதா?

டிக்கெட் வாங்குகிற வரிசைதான் இருக்காது. பை சோதனை, மெட்டல் டிடெக்டர் எல்லாம் விமான நிலையம் மாதிரி எல்லோருக்கும் உண்டு, அதைத் தாண்டிப் போக வழியே கிடையாது. பெரிய பையையும் பெட்டியையும் உள்ளே விடமாட்டார்கள், வைத்துக்கொள்ளவும் இடம் தரமாட்டார்கள். கண்ணாடி பாட்டிலும் கூடாது. ரயிலேறப் போகிற நாளில் பெட்டியோடு நேரே வந்து மாட்டிக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

எந்த மாசம் போகலாம்? வெயில்ல நமக்குத்தான் பழக்கமாச்சே?

ஏப்ரல், மே, அக்டோபர். இந்த மூன்றில் எது கிடைத்தாலும் யோசிக்காமல் போங்கள். ஜூலை, ஆகஸ்டில் 35 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். நம் ஊரில் அந்த வெயிலில் மூன்று மணி நேரம் நிழலே இல்லாமல் யாரும் நடக்க மாட்டோம். ஃபோரத்தில் கல் சூடேறிக் கீழேயிருந்தும் அடிக்கும். அந்த மாதங்களில்தான் விடுமுறை கிடைக்கிறது என்றால் காலை முதல் சுற்றைப் பிடியுங்கள். தொப்பியும் குடையும் எடுத்துப் போங்கள்.

குளிர்காலத்தில் கூட்டம் குறைவு, ஆனால் சீக்கிரம் இருட்டிவிடும், வாசலையும் சீக்கிரமே மூடிவிடுவார்கள். மதியச் சுற்று எடுத்தால் பாலட்டைன் குன்றை ஓட்டமாகத்தான் பார்க்க வேண்டியிருக்கும்.

செருப்பு போட்டு நடக்கலாமா?

வேண்டாம். ஃபோரத்தின் நடுவே ஓடும் வியா சாக்ரா, அதாவது புனித வீதி, பெரிய பெரிய எரிமலைப் பாறைப் பலகைகளால் ஆனது. தேய்ந்து, இடைவெளி விட்டு, மேடும் பள்ளமுமாக இருக்கும். மழை பெய்தால் வழுக்கும். பழகிய ஷூ போதும். புது ஷூவை அன்றைக்குத்தான் முதல்முதலாகப் போடாதீர்கள்.

தண்ணி, பாத்ரூம், சாப்பாடு எல்லாம் எப்படி?

தண்ணீருக்கு ரோம் மாதிரி ஊர் இல்லை. தெருவெங்கும் வார்ப்பிரும்புக் குழாய்கள், இரவு பகலாகக் குளிர்ந்த குடிநீரை விட்டுக்கொண்டே இருக்கும். வளைந்த குழாய் மூக்கு மாதிரி இருப்பதால் 'நாசோனே', அதாவது பெரிய மூக்கு, என்று பெயர். 1870களில் வைக்கத் தொடங்கியவை, இன்று இரண்டாயிரத்துக்கு மேல் இருக்கின்றன. குழாயின் வாயை விரலால் அடைத்தால் மேலே உள்ள சின்னத் துளை வழியாகத் தண்ணீர் எழும்பும், குனியாமல் குடிக்கலாம். ஃபோரம், பாலட்டைன் உள்ளேயும் குழாய்கள் உண்டு. ஒரு பிளாஸ்டிக் பாட்டில் இருந்தால் போதும்.

கழிவறை கொலோசியத்தில் இருக்கிறது, வரிசையும் இருக்கிறது. சுற்று தொடங்குமுன் காப்பிக் கடையில் போய்விட்டு வருவது நல்லது.

சைவக்காரர்களுக்குத் துண்டு போட்டு விற்கும் பீட்ஸா எளிது. சுப்ளி என்ற அரிசி உருண்டையை வாங்குமுன் கேளுங்கள், பல கடைகளில் உள்ளே இறைச்சிக் குழம்பு இருக்கும். பெக்கொரினோ பாலாடைக்கட்டியை உறையவைக்க ஆட்டுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுக்கும் பொருளைச் சேர்க்கிறார்கள். கண்டிப்பான சைவம் என்றால் தக்காளி மட்டும் போட்ட பீட்ஸா ரோஸாவே பாதுகாப்பு.

அம்மாவுக்கு எழுபது வயசு, முழங்கால் வலி. கூட்டிட்டுப் போகலாமா?

கூட்டிப் போகலாம், ஆனால் மூன்று இடத்தையும் ஒரே மூச்சில் வேண்டாம். கொலோசியத்தில் லிஃப்ட் உண்டு. முழங்காலைச் சோதிப்பது ஃபோரத்தின் தரையும் பாலட்டைன் ஏற்றமும்தான். மூன்றாம் பயணத்தில் என் அத்தையைக் கூட்டிப்போனேன். காலையில் கொலோசியம் மட்டும். சாயங்காலம் கேப்பிட்டோலின் குன்றின் பின்பக்கம் போய், மேலேயிருந்து ஃபோரம் முழுவதையும் பார்த்தோம். அங்கே டிக்கெட் கிடையாது, சுவரில் சாய்ந்து எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்கலாம். வெயில் சாயும்போது சாட்டர்ன் கோயிலின் எட்டுத் தூண்களும் மஞ்சளாகும். அத்தை அரை மணி நேரம் நகரவே இல்லை.

வயதானவர்களோடு போனால் தனி வழிகாட்டி வைத்துக்கொள்வது நல்லது. செலவு கூடும். ஆனால் இருபத்தைந்து பேர் குழுவில் அம்மா பின்தங்கும்போது அவருக்கும் சங்கடம், உங்களுக்கும் பதற்றம்.

பசங்களுக்கு போரடிக்காதா?

தேடுவதற்கு ஏதாவது கொடுத்தால் அடிக்காது. கொலோசியத்தின் தரைத்தளத்தில் மொத்தம் 80 வளைவு வாசல்கள். அதில் 76க்கு எண் போட்டிருந்தார்கள், பார்வையாளர் தன் சீட்டில் உள்ள எண்ணைப் பார்த்து நுழைய வேண்டும். இன்று நிற்கும் வெளிச்சுவரில் 23 முதல் 54 வரையான எண்கள் வளைவுகளின் மேலே செதுக்கியபடி இன்னும் இருக்கின்றன. ரோமன் எண் படித்த பிள்ளைகள் ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டே வருவார்கள். ஃபோரத்தில் பசிலிக்கா ஜூலியாவின் படிகளில் அந்தக் காலத்தவர் கீறிய விளையாட்டுக் கட்டங்களைத் தேடச் சொல்லுங்கள். வழக்குமன்றத்துக்கு வந்தவர்கள் காத்திருந்த நேரத்தில் உட்கார்ந்து விளையாடியது. நம் கோயில் மண்டபத் தரைகளில் தாயக்கட்டம் பார்த்த பிள்ளைக்கு உடனே பிடிபடும்.

தெருவில் சாக்கடை மூடிகளில்கூட 'எஸ்.பி.க்யூ.ஆர்.' என்ற நான்கெழுத்து இருக்கும். "ரோமின் செனட்டும் மக்களும்" என்பதன் சுருக்கம். பழைய ரோம் அரசின் முத்திரை, இன்று மாநகராட்சியின் முத்திரை. எத்தனை இடத்தில் பார்த்தார்கள் என்று எண்ணச் சொன்னால் அன்று முழுக்க நடப்பார்கள்.

கொலோசியம் சுவரெல்லாம் ஏன் ஓட்டை ஓட்டையா இருக்கு? குண்டு பாய்ஞ்சதா?

இல்லை. கற்களைச் சாந்து பூசாமல் அடுக்கி, ஒன்றோடொன்று இரும்புப் பட்டைகளால் பிணைத்திருந்தார்கள். ரோமப் பேரரசு வீழ்ந்த பிறகு, இரும்புக்குத் தட்டுப்பாடான காலத்தில், கல்லைத் துளைத்து அந்த இரும்பைத் தோண்டி எடுத்துவிட்டார்கள். ஓட்டைகள் அதன் தடம்.

வெளிச்சுவர் ஒரு பக்கம் முழு உயரத்துக்கும் மறுபக்கம் பாதியாகவும் இருப்பதற்குப் பெரிய காரணம் 1349 நிலநடுக்கம். விழுந்த கல் வீணாகவில்லை, நூற்றாண்டுகளாக மாளிகைகளுக்கும் தேவாலயங்களுக்கும் வண்டி வண்டியாகப் போனது. மிச்சச் சுவரும் சாயாமல் இருக்க 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு பெரிய செங்கல் முட்டுச்சுவர் கட்டினார்கள். அதன் அருகே நின்று பாருங்கள். வளைவின் கற்கள் நழுவிக்கொண்டிருந்த நிலையிலேயே, சரிசெய்யாமல், அப்படியே செங்கல்லால் அடைத்திருக்கிறார்கள். விழுகிற நொடியில் பிடித்து நிறுத்திய மாதிரி இருக்கும்.

அரீனா, அண்டர்கிரவுண்ட் டிக்கெட்டுக்குக் கூடுதல் காசு கொடுக்கலாமா?

நிலத்தடிக்குக் கொடுக்கலாம் என்பது என் கருத்து. சண்டை நடந்த தளமான அரீனாவுக்கு மட்டும் என்றால் அவசியமில்லை. நிலத்தடிக்குள் வழிகாட்டியோடுதான் விடுவார்கள், இடமும் குறைவு.

கொலோசியத்தைப் பேரரசர் வெஸ்பாசியன் தொடங்கினார், மகன் டைட்டஸ் கி.பி. 80இல் திறந்து 100 நாள் விளையாட்டு விழா நடத்தினார், இளைய மகன் டொமிஷியன் காலத்தில் நிலத்தடி அறைகள் வந்தன. அந்த வரிசை முக்கியம். திறப்பு விழாவில் தண்ணீர் நிரப்பிக் கப்பல் சண்டை காட்டினார்கள் என்று பழைய எழுத்தாளர்கள் சொல்வது, அறைகள் வருவதற்கு முந்தைய கதை. அறைகள் வந்த பிறகு கீழே கூண்டுகள், கயிற்று உருளைகள், மேலே தூக்கும் மேடைகள். அடிமைகள் விளக்கு வெளிச்சத்தில் உருளையைச் சுற்ற, மேலே மணலில் திடீரென்று ஒரு சிறுத்தை தோன்றும். 'அரீனா' என்ற சொல்லே லத்தீனில் மணல்தான், ரத்தத்தை உறிஞ்சப் போட்ட மணல். கீழே நின்று மேலே பார்த்தால்தான் அந்த இடத்தின் கொடுமை உறைக்கும். உட்காரும் இடத்திலிருந்து பார்த்தால் நாமும் பார்வையாளர் ஆகிவிடுகிறோம்.

கட்டைவிரலைக் கீழே காட்டினா கொல்லணும், கிறிஸ்தவர்களை சிங்கத்துக்குப் போட்டாங்க, இதெல்லாம் அங்கதானே?

கட்டைவிரலைத் திருப்பிக் காட்டினார்கள் என்று எழுதியிருக்கிறது. மேலேயா, கீழேயா, எது சாவு என்று யாரும் தெளிவாக எழுதிவைக்கவில்லை. இன்று நாம் காட்டும் விதம் பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டு ஓவியத்திலிருந்து வந்தது. "சாகப்போகிறவர்கள் உனக்கு வணக்கம் சொல்கிறோம்" என்ற வாக்கியமும் கொலோசியத்தில் பிறந்ததில்லை. கொலோசியம் கட்டுமுன்பே, கிளாடியஸ் பேரரசர் ஓர் ஏரியில் நடத்திய கப்பல் சண்டையில் கைதிகள் சொன்னதாகத்தான் பதிவு.

கிறிஸ்தவர்களை ரோமில் கொன்றது உண்மை. குறிப்பாகக் கொலோசியத்துக்குள் என்பதற்கு உறுதியான சான்று கிடையாது. 18ஆம் நூற்றாண்டில் போப் அதைத் தியாகிகளின் நினைவிடமாக அறிவித்ததால்தான் மேலும் கல் எடுப்பது நின்றது. புனித வெள்ளி இரவில் இன்றும் அங்கே சிலுவைப்பாதை வழிபாடு நடக்கிறது. நம்பிக்கையோடு போகிறவர்கள் அதை மதித்துப் பார்க்கலாம். நல்ல வழிகாட்டி வரலாறு எது, நம்பிக்கை எது என்று பிரித்துச் சொல்வார்.

ஜூலியஸ் சீசரைக் குத்தின இடத்தைக் காட்டுவாங்களா?

ஃபோரத்தில் காட்ட முடியாது, ஏனென்றால் குத்தியது அங்கே இல்லை. கி.மு. 44 மார்ச் 15 அன்று செனட் கூடியது பாம்பே என்ற தளபதி கட்டிய மன்றத்தில். அது இன்றைய லார்கோ அர்ஜென்டினா, பாந்தியானுக்குப் பக்கம். சாலை மட்டத்திலிருந்து எட்டிப் பார்த்தால் கீழே பள்ளத்தில் நான்கு பழைய கோயில்களும், அவற்றின் மேல் வெயில் காயும் பூனைகளும் தெரியும். 2023 முதல் உள்ளே இறங்கி நடைபாதையில் போகலாம்.

ஃபோரத்தில் இருப்பது சீசரின் உடலை எரித்த இடம். பின்னர் அங்கே அவருக்குக் கோயில் எழுப்பினார்கள். இன்று தகரக் கூரைக்குக் கீழே ஒரு மண்மேடு மட்டும். யாராவது பூ வைத்துவிட்டுப் போயிருப்பார்கள். நான் போன இரண்டு முறையும் வாடாத பூ இருந்தது.

மூணு வளைவு இருக்கே, எல்லாம் ஒரே மாதிரிதானே? ஒண்ணு பார்த்தா போதாதா?

மூன்றையும் பாருங்கள், பேரரசர்களின் வெற்றியைக் கொண்டாட எழுப்பிய வளைவுகள் இவை. டைட்டஸ் வளைவின் உட்பக்கச் சுவரில், கி.பி. 70இல் ஜெருசலேம் கோயிலைக் கொள்ளையடித்து வீரர்கள் ஏழு கிளை விளக்கைத் தோளில் சுமந்து வருகிறார்கள். தோற்றவர்களின் துக்கம், வென்றவர்களின் கல்லில். கொலோசியத்துக்கான பணத்தில் இந்தக் கொள்ளைக்கும் பங்கு உண்டு.

கி.பி. 203இல் எழுந்த செப்டிமியஸ் செவரஸ் வளைவில் எழுத்துகளைப் படியுங்கள், லத்தீன் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. தந்தை பெயரோடு கராகல்லா, கெட்டா என்ற இரண்டு மகன்களின் பெயரும் இருந்தது. தந்தை இறந்த அதே ஆண்டு, 211இல், அண்ணன் கராகல்லா தம்பி கெட்டாவைக் கொன்றான். பிறகு தம்பியின் பெயரை நாடெங்கும் அழிக்கச் சொன்னான். இங்கே நான்காம் வரியில் பழைய எழுத்தைச் செதுக்கி எடுத்துவிட்டுப் புகழ்மொழியைப் போட்டு நிரப்பினார்கள். ஆனால் வெண்கல எழுத்துகளைப் பொருத்த முதலில் போட்ட துளைகள் புதிய எழுத்துகளோடு ஒத்துவரவில்லை. காலை வெயில் சாய்வாக விழும்போது அந்த வரி மட்டும் மற்ற வரிகளைவிடப் பள்ளமாகத் தெரியும். ஒரு கொலையை மறைக்கப் பார்த்த இடம் 1,800 ஆண்டுகளாக வெயிலில் தெரிந்துகொண்டிருக்கிறது.

கொலோசியத்தின் அருகில் நிற்கும் கான்ஸ்டன்டைன் வளைவு கி.பி. 315ஐச் சேர்ந்தது. அதில் உள்ள நல்ல சிற்பங்களில் பல, டிராஜன், ஹேட்ரியன், மார்கஸ் ஆரேலியஸ் காலத்துச் சின்னங்களிலிருந்து எடுத்துப் பொருத்தியவை. பழைய பேரரசர்களின் முகத்தைச் செதுக்கி மாற்றியும் இருக்கிறார்கள். வட்டச் சிற்பங்களையும் அவற்றுக்குக் கீழே உள்ள குட்டையான உருவங்களின் வரிசையையும் அடுத்தடுத்துப் பார்த்தால், இரண்டும் ஒரே கைவேலை இல்லை என்பது கண்ணுக்கே தெரியும்.

பாந்தியான் கூரையில பெரிய ஓட்டையாமே? மழை வந்தா உள்ள நனையாதா?

நனையும். நடுவில் எட்டு மீட்டருக்கு மேல் அகலமான திறப்பு, கண்ணாடி கிடையாது. தரை லேசாக நடு உயர்ந்திருக்கும், சின்னத் துளைகள் வழியாக நீர் வடிந்துவிடும். ஹேட்ரியன் காலத்துக் கட்டடம் இது, முகப்பில் மட்டும் முன்பிருந்த கோயிலைக் கட்டிய அக்ரிப்பாவின் பெயரை அப்படியே விட்டிருக்கிறார்கள். கூரையின் விட்டம் 43 மீட்டருக்குச் சற்று அதிகம், தரையிலிருந்து உச்சிக்கும் அதே அளவு. உள்ளே இரும்புக் கம்பி எதுவும் இல்லாத கான்கிரீட். மேலே போகப் போகக் கூரையின் கனத்தைக் குறைத்து, உச்சியில் எடை குறைந்த எரிமலை நுரைக்கல்லைக் கலந்திருக்கிறார்கள். இந்த வகையில் இதைவிடப் பெரிய கூரை இன்றுவரை உலகில் இல்லை.

609இல் தேவாலயமாக மாறியதால்தான் இது பிழைத்தது. இன்றும் வழிபாடு நடக்கிறது, தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். 2023 ஜூலையிலிருந்து நுழைவுக் கட்டணம் உண்டு.

காலையில இதெல்லாம், மத்தியானம் வாட்டிகன். முடிச்சிடலாம்ல?

முடிக்கலாம், ஆனால் எதுவும் மனதில் நிற்காது. வாட்டிகன் அருங்காட்சியகமே பல கிலோமீட்டர் நடை. இரண்டு நாள் இருந்தால் ஒன்றைப் பழைய ரோமுக்கே விடுங்கள். ஒரே நாள்தான் என்றால் இரண்டில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுங்கள்.

திருட்டு, ஏமாத்து எல்லாம் ஜாஸ்தியாமே?

பிக்பாக்கெட் உண்டு, மெட்ரோவிலும் கூட்டமான பேருந்திலும். பாஸ்போர்ட்டை உள்பையில் வையுங்கள், பையை முன்பக்கம் மாட்டுங்கள். கிளாடியேட்டர் வேஷக்காரர்கள் புகைப்படத்துக்கு நின்றுவிட்டுப் பணம் கேட்பார்கள். "இது இனாம்" என்று கையில் கயிறு கட்ட வருபவர்களிடம் கையை நீட்டாதீர்கள். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு நடந்துகொண்டே இருந்தால் போதும், பயப்பட ஒன்றுமில்லை.

தமிழ்ல கைடு கிடைப்பாங்களா? அவங்க பேசற இங்கிலீஷ் புரியுமா?

நான் பார்த்தவரை இல்லை. இத்தாலியர்களின் ஆங்கிலம் நிதானமாக, தெளிவாகத்தான் இருக்கும். சீசர், அவருக்குப் பின் வந்த பேரரசர்கள் இவர்களின் பெயர்தான் குழப்பும். கிளம்புமுன் சீசர், அகஸ்டஸ், நீரோ, வெஸ்பாசியன், டைட்டஸ், டொமிஷியன், டிராஜன், ஹேட்ரியன், கான்ஸ்டன்டைன் என்ற ஒன்பது பெயரை வரிசையாகத் தெரிந்துகொண்டு போங்கள். பாதிக் கதை தானாகப் புரியும். வீட்டுப் பெரியவர்களுக்கு நீங்கள் பக்கத்தில் நின்று தமிழில் சொல்லிக்கொண்டே வரலாம், ஆனால் அதற்குக் குழுச் சுற்று சரிப்படாது. முன்பு முழங்கால் வலிக்குச் சொன்ன மாதிரி தனி வழிகாட்டிதான் இதற்கும்.

ரோமுக்கும் நமக்கும் நிஜமாவே தொடர்பு உண்டா? அங்க பார்க்க ஏதாவது இருக்கா?

உண்டு, ஃபோரத்திலேயே. வியா சாக்ராவில் டைட்டஸ் வளைவிலிருந்து இறங்கும்போது வலப்பக்கம் மூன்று பிரம்மாண்டமான வளைகூடங்கள் தெரியும், மாக்ஸென்டியஸ் பசிலிக்கா என்ற பொதுமண்டபம் அது. நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதைக் கட்டிய இடத்தில், அதற்கு முன் டொமிஷியன் எழுப்பிய மிளகுக் கிடங்கு இருந்தது. லத்தீனில் அதன் பெயரே மிளகுக் கிடங்குதான். அந்த மிளகு வந்தது சேர நாட்டின் முசிறி போன்ற துறைமுகங்களிலிருந்து. யவனரின் மரக்கலங்கள் பொன்னோடு வந்து கறியோடு திரும்பும் என்று அகநானூற்றின் 149ஆம் பாட்டு சொல்கிறது. கறி என்றால் மிளகு. அதே காலத்தில் ரோமில் பிளினி என்ற எழுத்தாளர், ஆண்டுக்கு ஐந்து கோடி செஸ்டர்ஸ் காசு இந்தியாவுக்குப் போகிறதே என்று அங்கலாய்த்து எழுதியிருக்கிறார். அந்தக் காசில் கொஞ்சம் கோவை, கரூர் பக்கம் புதையலாகக் கிடைத்திருக்கிறது.

எல்லா வழிகாட்டிகளும் இதைச் சொல்வதில்லை, நீங்களாகக் கேட்க வேண்டும். நான் கேட்டபோது எங்கள் வழிகாட்டி நின்றுவிட்டார். நான் எந்த ஊர் என்று விசாரித்தார். மிளகுக்கு உங்கள் மொழியில் என்ன பெயர் என்றார். சொன்னேன். "மிலகு, மிலகு" என்று இரண்டு முறை சொல்லிப் பார்த்துவிட்டு, தன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.